டிஜிட்டல் கையெழுத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதப் போய் நான் இழந்த ஒன்றரை மாதம்

கோயம்புத்தூரில் ஒரு சின்ன காஸ்டிங் பட்டறையில் பதினோரு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். பம்புக்கும் வால்வுக்கும் வேண்டிய பாகங்களை வார்த்துக் கடைந்து கொடுப்பது எங்கள் தொழில். மாதம் 180 பில் வரை போடுவோம். வருட விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பதால் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கும் முறை) கட்டாயம் எங்களுக்கு இல்லை. டாலியில் பில் எடுத்து, முதலாளி பேனாவால் கையெழுத்துப் போட, முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம். போன வருடம் மார்ச் முதல் வாரத்தில், எங்களிடம் அதிகம் வாங்கும் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. ஏப்ரல் 1 முதல் பில்லும் அதோடு வைக்கும், சரக்கின் தரச் சோதனை விவரம் சொல்லும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் டிஜிட்டல் கையெழுத்தோடு பிடிஎஃப்பாக மட்டுமே வர வேண்டும், காகிதம் வாங்க மாட்டோம், மார்ச் 20க்குள் பத்து மாதிரி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி படித்துவிட்டு, "அம்மிணி, நம்மகிட்ட அந்த டோக்கன் இருக்குதுல்ல, நீயே பார்த்துக்க" என்றார். டோக்கன் இருந்தது. வருமான வரிக்கும் டெண்டருக்கும் என்று அவர் பெயரில் வாங்கிய டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், அதற்குள்தான் இருக்கிறது. பென் டிரைவ் போல மேசை டிராயரில் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றரை மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புது டிஎஸ்சிக்கு 2,600 ரூபாய் போயிற்று. 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கான பில்கள் 26 நாள் தாமதமாகப் பாஸ் ஆனதில் வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம். பணத்தை விடுங்கள், முதலாளி நம்பிக் கொடுத்த கையெழுத்தையே பாழாக்கிவிட்டேனோ என்று சில ராத்திரிகள் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். நான் தேடிப் படித்த இடத்திலெல்லாம் "இந்த லைப்ரரியைப் போடுங்கள், இந்த நான்கு வரியை ஓட்டுங்கள், வேலை முடிந்தது" என்றுதான் இருந்தது. லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு. கையெழுத்துப் போடும் அந்த நான்கு வரி நிஜமாகவே சுலபம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை யாரும் சொல்லவில்லை.

முதலில் அடோபி ரீடரில் கையால் போட்டுப் பார்த்தேன். கோப்பைத் திறந்து, கையெழுத்துக்கு இடம் வரைந்து, சான்றிதழைத் தேர்ந்து, பின் நம்பர் அடித்து, வேறு பெயரில் சேமிக்க ஒரு கோப்புக்கு மூன்று நிமிடம் ஆகிறது. அந்த நிறுவனத்துக்கு மட்டும் மாதம் 140 பில், 140 டெஸ்ட் சர்டிஃபிகேட். 280 கோப்புக்கு 14 மணி நேரம். எக்செல் தாள்களைச் சேர்ப்பதற்காகப் பைதான் என்ற நிரல்மொழி கொஞ்சம் கற்றிருந்தேன். சரி, இதையும் அதிலேயே ஒரு ஸ்கிரிப்டாக, தானாக வேலை செய்யும் சின்ன நிரலாக எழுதிச் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

இறங்கியவுடன் செய்த முதல் காரியமே தவறு. முதலாளியின் கையெழுத்தை வெள்ளைத் தாளில் வாங்கி, ஸ்கேன் செய்து, பின்னணியை நீக்கி, அந்தப் படத்தை ஒவ்வொரு பில்லின் அடியிலும் ஒட்டும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். பக்கத்தில் பெயர், தேதி எல்லாம் வந்தது. பார்க்க அழகாக இருந்தது. பத்து மாதிரியையும் அனுப்பினேன். மறுநாளே "கையெழுத்து இல்லை" என்று திரும்பி வந்தன. கண்ணுக்குத் தெரிகிற கையெழுத்தை இல்லை என்கிறார்களே என்று கோபத்தோடு போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "மேடம், அது படம்ங்க. கையெழுத்து கோப்புக்கு உள்ளே இருக்கணும்" என்றார். அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். ஒட்டிய படத்தை யாரும் பிரதி எடுத்து வேறொரு தாளில் ஒட்டலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஏற்கும் டிஜிட்டல் கையெழுத்து வேறு வகை. கோப்பில் உள்ள அத்தனை பைட்டையும் எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஒரு முறையில் 32 பைட் நீளச் சுருக்கமாக மாற்றி, அந்தச் சுருக்கத்தின் மேல் டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி கையெழுத்திடுகிறது. அது சான்றிதழோடு சேர்ந்து பிடிஎஃப்புக்குள் உட்காருகிறது. பக்கத்தில் தெரியும் பெட்டி வெறும் அடையாளம். அந்தப் பெட்டி இல்லாமலேயே கோப்பு சரியாகக் கையெழுத்தாகியிருக்க முடியும்.

அடுத்து, டோக்கனில் இருக்கும் சாவியைக் கணினிக்கு ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் ஸ்கிரிப்டுக்கு வசதி என்று நினைத்தேன். இணையத்தில் பெரும்பாலான விளக்கங்கள் அப்படி ஒரு பிஎஃப்எக்ஸ் கோப்பை வைத்துத்தான் ஆரம்பிக்கின்றன. ஒரு முழு நாள் அதை எடுக்கப் போராடினேன். எடுக்க முடியாது, எடுக்க முடியக் கூடாது என்றுதான் அந்த டோக்கனே செய்யப்பட்டிருக்கிறது. நம் ஊரில் டிஎஸ்சி வாங்கினால் சாவி டோக்கனுக்குள்ளேயே பிறக்கிறது, அங்கேயே இருக்கிறது. நாம் சுருக்கத்தை உள்ளே அனுப்புகிறோம், கையெழுத்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். அதனால் யாராவது "சாவியை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்" என்று முதல் வரியிலேயே சொன்னால் அந்த விளக்கம் உங்கள் டோக்கனுக்கு ஆகாது என்று அப்போதே மூடிவிடுங்கள். டோக்கனோடு ஸ்கிரிப்ட் பேசுவதற்குப் பிகேசிஎஸ் 11 என்ற பொது முறை இருக்கிறது. பைதானில் பைஹாங்கோ என்ற இலவச லைப்ரரி அதை ஆதரிக்கிறது. ஜாவா பழகியவர்களுக்கு ஜேசைன்பிடிஎஃப் உண்டு. நான் பைஹாங்கோ எடுத்துக்கொண்டேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

பிகேசிஎஸ் 11 வேலை செய்ய டோக்கனின் டிரைவரோடு வரும் ஒரு டிஎல்எல் கோப்பை (டோக்கனோடு பேசத் தெரிந்த நிரல் கோப்பு) ஸ்கிரிப்டுக்குக் காட்ட வேண்டும். இங்கே ஒன்றரை நாள் போனது. காரணம் தெரிந்தபோது அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சின்ன விஷயம். என் பைதான் 64 பிட். விண்டோஸில் அந்த டிஎல்எல் இரண்டு ஃபோல்டரில் இருந்தது, ஒன்று சிஸ்டம்32, இன்னொன்று சிஸ்வாவ்64. பெயரில் 64 இருக்கிறதே என்று இரண்டாவதைக் காட்டினேன். "இது சரியான வின்32 அப்ளிகேஷன் இல்லை" என்று பிழை எண் 193 வந்துகொண்டே இருந்தது. டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன், வேறு கணினியில் முயன்றேன், டோக்கனே பழுதோ என்று பயந்தேன். உண்மை தலைகீழ். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில்தான் 64 பிட் கோப்புகள் இருக்கும், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் 32 பிட் கோப்புகள். பைதான் எத்தனை பிட்டோ டிஎல்எல்லும் அத்தனை பிட்டாக இருக்க வேண்டும். 193 என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் இதைப் பாருங்கள், டோக்கனைச் சந்தேகப்படாதீர்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மார்ச் 28, வெள்ளிக்கிழமை மாலை. ஒரு மாதிரிக் கோப்பில் கையெழுத்து சரியாக விழுந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் நாற்பது பில்லை ஒரு ஃபோல்டரில் போட்டு மொத்தமாக ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பின் நம்பர் அடிக்க வேண்டாம் என்று அதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, ஸ்கிரிப்ட் அதைப் படிக்கும்படி மாற்றியிருந்தேன். அதோடு, எந்தப் பிழை வந்தாலும் ஐந்து தடவை மறுபடி முயற்சி செய்யும்படி ஒரு வளையமும் போட்டிருந்தேன். எக்செல் வேலைகளில் நெட்வொர்க் ஃபோல்டர் அடிக்கடி தகராறு செய்யும் என்பதால் அது எனக்குப் பழக்கம். டெக்ஸ்ட் கோப்பில் பின் நம்பருக்குப் பிறகு நான் என்டர் தட்டியிருந்தேன். ஸ்கிரிப்ட் அந்த என்டரையும் சேர்த்துப் பின் நம்பராக அனுப்பியது. முதல் கோப்புக்கு ஐந்து தடவை தவறான பின். இரண்டாவது கோப்புக்கு ஐந்து தடவை. சில நொடிகளில் பத்து முறை. எங்கள் டோக்கன் பத்துக்குப் பூட்டிக்கொள்ளும் வகை. மூன்றாவது கோப்பிலிருந்து "பின் லாக் ஆகிவிட்டது" என்ற ஒரே செய்திதான் வரிசையாக ஓடியது.

விற்றவருக்குப் போன் செய்தேன். சில டோக்கன்களில் நிர்வாகி பின் என்று இன்னொன்று இருக்குமாம், அதை வைத்துத் திறக்கலாமாம். எங்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. "ஃபார்மட் பண்ணா டோக்கன் திரும்ப வந்துரும் மேடம், ஆனா உள்ள இருக்கற சாவி போயிரும். புதுசாத்தான் எடுக்கணும்" என்றார். சான்றிதழ் காலாவதி ஆக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. சொன்னேன். அவர் திட்டவில்லை, "ஆனது ஆச்சு, புதுசு எடு" என்றார். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதுசு எடுப்பது கடையில் போய் வாங்குவது போல இல்லை. பான், ஆதார், மொபைல் ஓடிபி எல்லாம் போக, யார் பெயரில் சான்றிதழோ அவரே கேமரா முன் நின்று வீடியோ சரிபார்ப்புத் தர வேண்டும். அவருக்குப் பதில் நான் நிற்க முடியாது. அந்த வாரம் அவர் குலதெய்வக் கோயில் பொங்கலுக்காக ஊருக்குப் போயிருந்தார், அங்கே சிக்னல் இல்லை. ஏப்ரல் 3 அன்றுதான் புதிய டோக்கன் கைக்கு வந்தது. அதோடு முடியவில்லை. பழைய டிஎஸ்சி எங்கெல்லாம் பதிவாகியிருந்ததோ, ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், டெண்டர் தளங்கள், அங்கெல்லாம் புதியதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இன்னொரு நாள். இதிலிருந்து நான் மாற்றிக்கொண்டவை: பின் நம்பரை எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. ஓட்டும்போது ஆள் உட்கார்ந்து அடிக்க வேண்டும். கோப்புக்குக் கோப்பு டோக்கனில் நுழைவதும் இல்லை. ஒரே முறை பின் கொடுத்து நுழைந்து, அந்த ஒரே அமர்வில் எல்லாக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறது. பின் தவறு என்று டோக்கன் ஒருமுறை சொன்னால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். மறுமுயற்சி என்ற பேச்சே கூடாது. வாங்கும்போதே விற்பவரிடம், எத்தனை முறை தவறினால் பூட்டும், பூட்டினால் திறக்க வழி உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு நிஜ டோக்கனைத் தொடவே வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் நீங்களே ஒரு போலிச் சான்றிதழ் செய்து, அதில் ஸ்கிரிப்டை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் டோக்கனைச் செருகுங்கள். இந்த ஒன்றை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த 2,600 ரூபாயும் அந்த வாரமும் மிஞ்சியிருக்கும்.

ஏப்ரல் 5 அன்று நாற்பது பில்லும் நாற்பது டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் கையெழுத்தாயின. பில்லையும் அதற்குரிய சர்டிஃபிகேட்டையும் ஒரே கோப்பாக இணைத்து, மெயிலில் போகும்படி அளவைச் சுருக்கி அனுப்பினேன். ஏப்ரல் 9 அன்று நாற்பதும் திரும்பின. சிலவற்றில் கையெழுத்து செல்லாது என்று வந்ததாம், சிலவற்றில் கையெழுத்தே இல்லையாம். என் கணினியில் நான் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று திகைத்தேன். நான் பார்த்தது இணைப்பதற்கு முந்தைய கோப்பு. அனுப்பியது பிந்தையது.

இதைப் புரிந்துகொள்ள பிடிஎஃப் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கையெழுத்துப் போடும்போது கோப்பின் நடுவில் ஒரு வெற்றிடம் விடப்படுகிறது. வெற்றிடத்துக்கு முன்னால் உள்ள பைட்டுகள், பின்னால் உள்ள பைட்டுகள் என்ற இரண்டு பகுதிகளின் தொடக்கமும் நீளமும் நான்கு எண்களாகக் கோப்பிலேயே எழுதப்படுகின்றன. அந்த இரண்டு பகுதிக்கும் சேர்த்துச் சுருக்கம் எடுத்து, கையெழுத்து அந்த வெற்றிடத்தில் வைக்கப்படுகிறது. பிறகு ஒரே ஒரு பைட் மாறினாலும் சுருக்கம் பொருந்தாது. இணைக்கிற மென்பொருளும் அளவு குறைக்கிற மென்பொருளும் கோப்பை முதலிலிருந்து புதிதாக எழுதிவிடுகின்றன. கையெழுத்துப் பெட்டி ஓவியம் போல நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே இணைப்பது, சுருக்குவது, பக்க எண் போடுவது, பாஸ்வேர்டு வைப்பது எல்லாவற்றையும் முடித்த பிறகே கையெழுத்து. அதற்குப் பிறகு கோப்பின் பெயரை மாற்றலாம், ஜிப் செய்யலாம், மெயிலில் இணைக்கலாம். உள்ளே கை வைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு திறந்து "சேமி" கொடுக்கிற சக ஊழியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், எங்கள் ஆபீசில் அதுவும் ஒருமுறை நடந்தது.

இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் என்ன செய்வது? எங்கள் தரச் சோதனைப் பொறுப்பாளரும் தன் டோக்கனால் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் போட வேண்டியிருந்தது. அதற்கு பிடிஎஃப்பிலேயே வழி இருக்கிறது. முதல் கையெழுத்து உள்ள கோப்பைத் தொடாமல், அதன் வாலில் புதிய பகுதியைச் சேர்த்து எழுதுவது. பைஹாங்கோ இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது. நான் அங்கேயும் ஒரு தடவை தடுக்கினேன். முதல் கையெழுத்தைச் "சான்றளிக்கும்" வகையாகப் போட்டு, இதற்குப் பின் எந்த மாற்றமும் கூடாது என்ற அமைப்பையும் கொடுத்துவிட்டேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்றுதான். அதனால் இரண்டாவது ஆளால் போடவே முடியவில்லை. இன்னொருவர் கையெழுத்து வர வேண்டியிருந்தால் அந்த அமைப்பைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியை வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. பிடிஎஃப்பில் அளவு பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து தொடங்குகிறது, மேலிருந்து இல்லை. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி, ஏ4 தாள் ஏறக்குறைய 595க்கு 842 புள்ளி. என் முதல் பெட்டி கம்பெனி பெயரின் மேலேயே போய் உட்கார்ந்தது. பெட்டிக்குள் முதலாளி பெயரைத் தமிழில் போட ஆசைப்பட்டேன். வழக்கமான எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்த பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியையும் சேர்த்த பிறகே பெயர் ஒழுங்காக வந்தது. அந்த வேலைக்கு அரை ஞாயிறு போனது. அதற்காக நான் வருத்தப்படவே இல்லை.

சரியான வரிசையில் மறுபடி அனுப்பியதும் வேறொரு போன். "மேடம், மஞ்சள் கேள்விக்குறி வருதுங்க, செல்லுபடி தெரியவில்லைன்னு காட்டுது." எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறகுதான் இது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று பிடிபட்டது. இ-ஆதாரை இறக்கித் திறந்தால் கையெழுத்தின் மேல் இதே மஞ்சள் குறி வரும் அல்லவா, அதேதான். கையெழுத்து சரியாகவே இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்தவரை நம்பலாமா என்று அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் டிஎஸ்சி வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவது சிசிஏ என்ற மத்திய அரசு அமைப்பு. அதன் மூலச் சான்றிதழை (மற்ற டிஎஸ்சி எல்லாம் எதை நம்பி நிற்கின்றனவோ அதை) அடோபி ரீடரில் நம்பிக்கைக்குரியதாக ஒருமுறை சேர்த்துவிட்டால் அப்புறம் பச்சைக் குறி வரும். கையெழுத்திட்டவரின் சான்றிதழைச் சேர்க்கச் சொல்லாதீர்கள், மேலே இருக்கும் சிசிஏ இந்தியா என்ற மூலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் விரல்ரேகை எண்ணை (அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் சுருக்க எண்) சிசிஏவின் சொந்தத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். யாரோ மெயிலில் அனுப்பியதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. இப்போது புதிதாக யாருக்கு பில் அனுப்பினாலும் முதல் மெயிலோடு இந்த விளக்கத்தையும் ஒரு பக்கம் எழுதி இணைத்துவிடுகிறேன். மஞ்சள் குறி என்றால் நம்பிக்கைப் பிரச்சினை, சிவப்புக் குறி என்றால் கோப்பே மாறியிருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை என்று வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

இதற்கு நடுவில் நேரத்தாலும் அடி வாங்கினோம். சோதனைப் பிரிவில் உள்ள பழைய கணினியில் கடிகாரத்தை ஓட்டும் பயாஸ் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு காலையும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அங்கே இன்டர்நெட்டும் இல்லை. அதில் போட்ட பன்னிரண்டு கையெழுத்தில், சான்றிதழ் வாங்குவதற்கு முந்தைய தேதி விழுந்திருந்தது. திருப்பி அனுப்பினார்கள், நியாயம்தான். கையெழுத்தில் தெரியும் நேரம், தனியாக நேர முத்திரை இல்லாவிட்டால், நம் கணினியின் கடிகாரம் சொல்வது மட்டுமே. நேர முத்திரை சேவை என்று ஒன்று உண்டு. கையெழுத்தின் சுருக்கத்தை அங்கே அனுப்பினால், இந்த நேரத்தில் இது இருந்தது என்று அவர்கள் தங்கள் கையெழுத்தோடு திருப்பித் தருவார்கள். பைஹாங்கோவில் அந்தச் சேவையின் முகவரியைக் கொடுத்தால் போதும். எந்தச் சேவை என்று உங்களுக்கு டிஎஸ்சி விற்றவரிடமே கேளுங்கள். இதைத் தேவையற்ற அலங்காரம் என்று நினைத்துத்தான் நானும் முதலில் விட்டேன். ஒரு கணக்கர் அப்படி விடக் கூடாது. டிஎஸ்சி இரண்டு அல்லது மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி பில்லை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். சான்றிதழ் செத்த பிறகும் கையெழுத்து உயிரோடு இருந்தாக வேண்டும். நேர முத்திரையோடு, கையெழுத்திட்டவரின் சான்றிதழிலிருந்து சிசிஏ மூலம் வரையிலான சான்றிதழ் சங்கிலியும் அது அன்று ரத்து செய்யப்படவில்லை என்பதற்கான ஆதாரமும் கோப்புக்குள்ளேயே இருந்தால், பின்னாளில் எடுத்துப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் எல்லாம் ஓட ஆரம்பித்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்ட மறுநாள், முதலாளி ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "இது எப்பம்மா நான் போட்டேன்?" என்றார். பழைய விலையில் போட்டு, ரத்து செய்ய ஒதுக்கி வைத்த வரைவு பில். நான் அதை ஃபோல்டரிலிருந்து எடுக்க மறந்திருந்தேன். ஸ்கிரிப்ட் ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் கையெழுத்திட்டு, மெயிலுக்கும் அனுப்பிவிட்டது. அவர் பார்க்காத, ஒப்புக்கொள்ளாத தாளில் அவர் கையெழுத்து. பேனாவாக இருந்திருந்தால் அவர் கண் ஒருமுறையாவது அந்த விலையின் மேல் பட்டிருக்கும். வாங்குபவரிடம் பேசி, கிரெடிட் நோட் போட்டுச் சரி செய்தோம். பண நஷ்டம் இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்த வெட்கம் டோக்கன் பூட்டிய அன்றைவிட அதிகம்.

அப்போதுதான் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் படித்தேன். சான்றிதழ் யார் பெயரிலோ அவர் தன் ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் எடுக்க வேண்டும், அது வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், போய்விட்டால் தாமதமின்றி வழங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. டிராயரில் கிடந்த டோக்கனும் என் டெக்ஸ்ட் கோப்பில் இருந்த பின் நம்பரும் அதற்கு நேர் எதிர். பட்டறைகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் பல பேருடைய டோக்கன்கள் ரப்பர் பேண்ட் போட்டு, பின் நம்பர் ஒட்டிய ஸ்டிக்கரோடு டப்பாவில் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். ஒருவரின் பின்னோடு சேர்ந்த டோக்கன் அவருடைய கை. ஆளே இல்லாமல் தானாக ஓட வேண்டிய அளவு பில் உள்ள நிறுவனங்களுக்கு, நிறுவனத்தின் மென்பொருளுக்கென்றே டாக்குமென்ட் சைனர் சான்றிதழ் என்று தனி வகை வழங்குகிறார்கள். ஒரு மனிதருடைய டோக்கனை இரவு பகலாக சர்வரில் செருகி வைப்பதைவிட அதுதான் முறை. மாதம் 180 பில்லுக்கு எங்களுக்கு அது வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம்.

இப்போது நடப்பது இதுதான். பகலில் பில்லும் சர்டிஃபிகேட்டும் இணைந்து, சுருங்கி, "இன்று" என்ற ஃபோல்டருக்கு வந்து சேரும். வரைவுகள் வேறு ஃபோல்டர், ஸ்கிரிப்ட் அந்தப் பக்கமே போகாது. மாலை ஐந்து மணிக்கு ஸ்கிரிப்ட் ஒரு பட்டியலைத் திரையில் காட்டும்: பில் எண், யாருக்கு, விலை, தொகை. முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்துச் செருகி, பின் நம்பரை அவரே அடிப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கையெழுத்தான ஒவ்வொரு கோப்பையும் ஸ்கிரிப்ட் மறுபடி திறந்து, கையெழுத்து செல்லுமா, முழுக் கோப்பையும் அது உள்ளடக்குகிறதா என்று சோதித்து, எண்ணையும் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதும். நான் இரண்டு கோப்பை எடுத்து, டோக்கனே செருகாத வேறு கணினியில் திறந்து பார்ப்பேன். அப்புறம்தான் மெயில் போகும். மொத்தம் பத்து நிமிடம்.

நேற்று பட்டியலில் ஏழாவது வரிக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. "இந்த ரேட்டு போன மாசமே மாத்தியாச்சே அம்மிணி" என்றார். அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பின் போட்டார். திருத்திய பில்லை இன்றைய ஃபோல்டரில் வைத்திருக்கிறேன்.